அடுக்குக்குறி வளைகோடும் மயிலாடும்பாறைக் கரித்துண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

கணிதம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகம் சுளிப்போர் பலர். வரைபடத்தாளில் ஒரு வளைகோட்டை வரைந்து, "இதை மூன்று அலகு மேலே ஏற்றுக, இரண்டு அலகு வலப்புறம் தள்ளுக" என்று வகுப்பில் சொல்லும்போது, "கோட்டைத் தள்ளி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுவதும் இயல்பே. அக்குரல் நியாயமான குரல். அதற்கு விடை தராமல் அடுத்த கணக்குக்குப் போய்விடக் கூடாது.

விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளியை அடுத்து மயிலாடும்பாறை என்றோர் இடம் உண்டு. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-ஆம் நாள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை அது நம் தருமபுரி மாவட்டத்து மண். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த கரிக்கு வயது சொன்னது இந்த வளைகோடுதான். கோட்டை மேலும் கீழும் நகர்த்துவதற்கும், இடமும் வலமும் நகர்த்துவதற்கும் உள்ள வேற்றுமையை அறியாதவர் அந்த வயதைச் சரியாகக் கணக்கிட முடியாது. அந்த வேற்றுமையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைகோட்டின் இயல்பு

அடுக்குக்குறிச் சார்பு என்பது என்ன? அடிமானம் மாறாமல் நிற்க, அடுக்கு மட்டும் மாறிக்கொண்டே போவது. அடிமானம் 2 எனக் கொள்வோம். அடுக்கு 0, 1, 2, 3, 4 என ஒவ்வொன்றாக ஏறினால், மதிப்பு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகிறது. அடுக்கு கழித்தல் பக்கம் சென்று −1, −2, −3 ஆனால், மதிப்பு அரை, கால், அரைக்கால் எனப் பாதி பாதியாகக் குறைகிறது. எவ்வளவு குறைந்தாலும் சுழியைத் தொடுவதில்லை. ஆகவே வளைகோடு கிடையச்சை நெருங்கிக்கொண்டே இருக்கும், ஒருநாளும் தொடாது. இத்தகைய கோட்டைத் தொலைத்தொடுகோடு என்பர்.

கிடையச்சில் நாம் நடப்பது கூட்டுத் தொடர். குத்தச்சில் விளைவது பெருக்குத் தொடர். சம அடி எடுத்து வைத்தால், ஒவ்வோர் அடிக்கும் ஒரே விகிதம் கிடைக்கும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். மற்றவை தாமே வரும்.

மேலும் கீழும்

முதலில் செங்குத்துப் பெயர்ச்சியைக் காண்போம். ஒவ்வொரு மதிப்போடும் 3-ஐக் கூட்டினால் 1, 2, 4, 8 என்பவை 4, 5, 7, 11 ஆகின்றன. வளைகோட்டின் வடிவம் மாறவில்லை. அப்படியே மூன்று அலகு மேலே ஏறிவிட்டது. அதனுடன் தொலைத்தொடுகோடும் ஏறிவிட்டது. முன்பு சுழியை நெருங்கிய கோடு இப்போது 3-ஐ நெருங்குகிறது.

ஆனால் ஒன்றை இழந்துவிட்டோம். 4-க்குப் பின் 5, 5-க்குப் பின் 7, 7-க்குப் பின் 11. விகிதம் ஒன்றுபோல் இல்லை. பெருக்குத் தொடர் என்ற பண்பே போய்விட்டது. 3-ஐக் கழித்தால்தான் அது மீளும்.

அன்றாட வாழ்வில் இதற்கு உதாரணம் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர். சூடான பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பது நியூட்டன் 1701-இல் வெளியிட்ட கருத்து. வெந்நீரின் வெப்பநிலையைச் சம நேர இடைவெளியில் அளந்தபோது 80, 56, 44, 38 டிகிரி எனக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 56-ஐ 80-ஆல் வகுத்தால் 0.70, 44-ஐ 56-ஆல் வகுத்தால் 0.79, 38-ஐ 44-ஆல் வகுத்தால் 0.86. விகிதம் நிலையாக இல்லை. அறையின் வெப்பநிலை 32 டிகிரி எனில், ஒவ்வொன்றிலும் 32-ஐக் கழிப்போம். 48, 24, 12, 6. இப்போது ஒவ்வொன்றும் முந்தியதில் சரிபாதி! வெந்நீர் சுழியை நோக்கிக் குளிரவில்லை. 32-ஐ நோக்கிக் குளிர்கிறது. அந்த 32-தான் செங்குத்துப் பெயர்ச்சி.

அறையின் வெப்பநிலை தெரியாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. சம இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகள் போதும். முதல் அளவையும் மூன்றாம் அளவையும் பெருக்கி, அதிலிருந்து இரண்டாம் அளவின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். வந்த விடையை, முதலும் மூன்றும் கூட்டி இரண்டாவதன் இருமடங்கைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும். மேற்கண்ட எண்களில் 80 × 44 = 3520; 56-இன் வர்க்கம் 3136; வேறுபாடு 384. கீழே 80 + 44 − 112 = 12. வகுத்தால் 32. வெப்பமானியை அறையில் தொங்கவிடாமலே அறையின் வெப்பநிலை வந்துவிட்டது! இதில் மந்திரம் ஏதும் இல்லை. பெருக்குத் தொடரில் நடு உறுப்பின் வர்க்கம், இருபுற உறுப்புகளின் பெருக்கலுக்குச் சமம் என்ற பள்ளிப் பாடமே இதன் அடிப்படை.

இடமும் வலமும்

இனிக் கிடைமட்டப் பெயர்ச்சி. 1, 2, 4, 8 என்ற வளைகோட்டை ஓர் அலகு வலப்புறம் தள்ளினால், அதே இடங்களில் இப்போது அரை, 1, 2, 4 என்ற மதிப்புகள் நிற்கும். இவை பழைய மதிப்புகளில் சரிபாதி. இரண்டு அலகு தள்ளினால் கால் பங்கு. மூன்று அலகு தள்ளினால் அரைக்கால் பங்கு. அதாவது, அடுக்குக்குறி வளைகோட்டைப் பக்கவாட்டில் தள்ளுவதும், அதன் எல்லா மதிப்புகளையும் ஒரே எண்ணால் பெருக்குவதும் ஒன்றே!

எல்லாச் சார்புகளுக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தாது. வர்க்கச் சார்பை எடுத்துக்கொள்வோம்: 0, 1, 4, 9. ஓர் அலகு வலப்புறம் தள்ளினால் அதே இடங்களில் 1, 0, 1, 4 ஆகிறது. முதல் வரிசையை எந்த எண்ணால் பெருக்கினாலும் இரண்டாம் வரிசை வராது. நேர்கோட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் அது மேலேயோ கீழேயோ தள்ளியதற்குச் சமம்; அங்கே கிடைப்பது கூட்டல். அடுக்குக்குறிக்கு மட்டுமே கிடைப்பது பெருக்கல்.

கூட்டு வட்டி அறிந்தவர்க்கு இது புதிதன்று. கடன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் இரட்டிக்கும் என்றால், இன்று 50 ரூபாய் வாங்கியவரும், ஓர் இரட்டிப்புக் காலம் கழித்து 100 ரூபாய் வாங்கியவரும் அதன்பின் எந்நாளும் ஒரே தொகைக்குக் கடன்பட்டவர்களே. காலத்தில் பிந்துவதும் தொகையில் குறைவதும் ஒரே கோட்டின் இரு பெயர்கள்.

ஆகவே நாம் கண்டது இது: பக்கவாட்டுப் பெயர்ச்சி வெறும் பெருக்கல், விகிதத்தைக் கெடுக்காது. செங்குத்துப் பெயர்ச்சி கூட்டல், விகிதத்தைக் கெடுத்துவிடும். இந்த ஒரு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு மயிலாடும்பாறைக்குப் போவோம்.

நாலாயிரம் ஆண்டு என்று எவர் கண்டார்?

2022 மே 9-ஆம் நாள், மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டிருப்பதாகத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அங்கு எடுத்த மற்றொரு மாதிரிக்குக் கிடைத்த காலம் கி.மு. 1615. மாதிரிகளைச் சோதித்தது அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்திலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இந்தச் செய்தியை வீட்டில் படித்துக் காட்டியபோது என் தந்தையார் கேட்டது ஒரே கேள்வி: "ஏங் கண்ணு, நாலாயிரம் வருசம்னு எவன் பார்த்துட்டு வந்து சொன்னான்?"

இதைவிடச் சிறந்த கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க முடியாது என்பது என் கருத்து. "அறிஞர்கள் சொல்கிறார்கள்" என்பது இதற்கு விடையாகாது. "நம் இனத்தின் பெருமை" என்பதும் விடையாகாது. பெருமைக்காக ஏற்றுக்கொண்ட எண்ணை, எதிர்வாதம் செய்பவர் ஒரு நொடியில் தட்டிவிடுவார். எதிர்வாதத்தைத் தாங்கும் விடை வேண்டும். அவருக்கு நான் சொன்ன விடையையே கீழே விரித்து எழுதுகிறேன்.

வானிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்திலுள்ள நைட்ரஜனைத் தாக்குவதால் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் சிறிதளவு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. இதனை 1940-இல் மார்ட்டின் காமன், சாம் ரூபன் ஆகிய இருவர் கண்டறிந்தனர். மரஞ்செடிகள் ஒளிச்சேர்க்கையின் வழியாக இதை உட்கொள்கின்றன. அவற்றை உண்ணும் உயிர்கள் உடலிலும் இது சேர்கிறது. உயிருள்ள வரை சிதைவதும் சேர்வதும் ஈடாகின்றன. உயிர் பிரிந்ததும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. 5730 ஆண்டில் பாதி. மேலும் 5730 ஆண்டில் அந்தப் பாதியில் பாதி. நாம் முன்பு கண்ட அடுக்குக்குறி வளைகோடேதான். அடிமானம் இங்கே அரை. எஞ்சிய கார்பன் 14-ஐ அளந்து வயதைக் கணக்கிடலாம் என்று 1940-களின் இறுதியில் செய்து காட்டிய வில்லார்ட் லிபி, 1960-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

கி.மு. 2172-இல் வெட்டிய மரத்தின் கரியில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கும்? 2025-ஆம் ஆண்டில் நின்று கணக்கிடுவோம். 2172 + 2025 = 4197. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1; இடையே சுழி ஆண்டு இல்லை. ஆகவே ஒன்று குறைத்து 4196. இக்கால அளவில் எஞ்சுவது 60.2 விழுக்காடு. இதைத் திருப்பிப் போடுவோம். 0.602-இன் மடக்கையின் அளவு 0.2204. அரையின் மடக்கையின் அளவு 0.3010. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.7322. இதை 5730-ஆல் பெருக்க, ஏறத்தாழ 4196 ஆண்டு. போய்ப் பார்த்து வந்தவர் எவரும் இல்லை. எஞ்சிய கரியே சாட்சி.

இரு கரித்துண்டுகள், ஒரே கோடு

கி.மு. 2172, கி.மு. 1615 என்ற இரு மாதிரிகளுக்கும் இடைவெளி 557 ஆண்டு. இரண்டுக்கும் தனித்தனி வளைகோடு வரைய வேண்டுமா? வேண்டாம். ஒரே வளைகோடு, ஒன்றை 557 ஆண்டு வலப்புறம் தள்ளினால் மற்றொன்று. பக்கவாட்டில் தள்ளுவது பெருக்கல் என்று கண்டோம் அல்லவா? வளிமண்டலத்தில் கார்பன் 14-இன் அளவு மாறவில்லை எனக் கொண்டால், பழைய கரியில் உள்ளது புதிய கரியில் உள்ளதைப் போல் 0.935 மடங்கு. இன்று அளந்தாலும் அதே விகிதம். இராசராசன் காலத்தில் அளந்திருந்தாலும் அதே விகிதம். இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து அளந்தாலும் அதே விகிதம். காலம் ஓடினாலும் இரண்டுக்கும் உள்ள உறவு மாறுவதில்லை.

ஆண்டை எங்கிருந்து எண்ணுவது என்பதும் பக்கவாட்டுப் பெயர்ச்சியே. ஆய்வுக்கூடங்கள் "இன்றைக்கு முன்" இத்தனை ஆண்டு என்று எழுதும்போது, அந்த "இன்று" நாம் செய்தித்தாள் படிக்கும் இன்று அன்று, 1950-ஆம் ஆண்டு. அந்த ஆண்டைச் சுழியாக வைப்பது உலக வழக்கம். அதன்படி கி.மு. 2172 என்பது "இன்றைக்கு முன் 4121". தொடக்கப் புள்ளியை எங்கே வைத்தாலும் கரியின் வயது வளைகோட்டின் வடிவம் மாறாது. ஆனால் எந்தப் புள்ளியில் தொடங்கினோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எழுபது எண்பது ஆண்டு பிழை வந்துவிடும்.

எண்ணுகருவியும் பின்னணியும்

இனிச் செங்குத்துப் பெயர்ச்சி எங்கே வருகிறது என்று காண்போம். தொடக்க காலத்தில் கார்பன் 14-ஐ எண்ணுகருவியால் அளந்தனர். ஓர் அணு சிதையும்போது ஓர் எண்ணிக்கை பதிவாகும். ஆனால் கரியே இல்லாமல் கருவியை வெறுமனே வைத்தாலும் எண்ணிக்கை பதிவாகும்! சுவரிலும் மண்ணிலும் வானிலும் இருந்து வரும் கதிர்களே காரணம். இதற்குப் பின்னணி என்று பெயர். இதைக் குறைக்க லிபி தம் கருவியைத் தடித்த இரும்புக் கவசத்துக்குள் வைத்தார். இரும்பின் வயதைக் காண இரும்பே துணை நின்றது எனலாம். நம் நாட்டில் 1960-களில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும், பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்திலும் கார்பன் காலக்கணிப்பு நடைபெற்றது.

கணக்கின் எளிமைக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். புதிய கரி 100 எண்ணிக்கை தரும். பின்னணி 20 எனக் கொள்வோம். கருவி காட்டுவது 120. ஓர் அரை ஆயுட்காலம் கழிந்த கரிக்கு 50 + 20 = 70. இரண்டு கழிந்த கரிக்கு 25 + 20 = 45. மூன்று கழிந்ததற்கு 32.5. வெந்நீர்க் கணக்கைப் போலவே இங்கும் விகிதம் 0.58, 0.64, 0.72 என நழுவிக்கொண்டே போகிறது. கழிக்காமல் வயது கண்டால் என்ன ஆகும்? 45-ஐ 120-ஆல் வகுத்தால் 0.375. அதன்படி வயது ஏறத்தாழ 8,100 ஆண்டு. உண்மை வயதோ 11,460 ஆண்டு. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் காணாமல் போய்விட்டது! எண்ணிக்கையில் வெறும் 20 கூடியதற்கு இத்தனை விலை. 20-ஐக் கழித்தால் 100, 50, 25, 12.5, வளைகோடு நேராகிவிடுகிறது.

1977-க்குப் பின், சிதைவுகளை எண்ணாமல் கார்பன் 14 அணுக்களையே எண்ணும் முடுக்கி நிறைமாலை முறை வந்துவிட்டது. மிகச் சிறிய கரித்துணுக்கே அதற்குப் போதும். மயிலாடும்பாறை மாதிரிகளைக் கணித்ததும் இம்முறையில்தான். எனினும் அங்கேயும் கார்பன் 14 இல்லாத வெற்று மாதிரி ஒன்றை அளந்து அதன் அளவைக் கழித்தே முடிவு காண்கின்றனர். கருவி மாறியது, கழித்தல் மாறவில்லை.

கலப்படத்தின் இரு முகங்கள்

எதிர்வாதம் செய்பவர் முதலில் கேட்பது கலப்படத்தைப் பற்றியே. "கரியில் வேறு கார்பன் கலந்திருந்தால்?" என்பார். கலப்படம் இருவகை. இரண்டையும் வேறு பிரித்து அறிய நம் பாடமே உதவுகிறது.

முதல் வகை, புதிய கார்பன். மரவேர் ஊடுருவியோ, மேல் மண்ணிலிருந்து மழைநீரோடு இறங்கியோ புதிய கார்பன் சேரலாம். நூற்றில் ஒரு பங்கு புதிய கார்பன் சேர்ந்தால், பெரும்பாலும் அது ஒரு செங்குத்துப் பெயர்ச்சி: கோடு ஏறத்தாழ 0.01 மேலே ஏறுகிறது. நாலாயிரம் ஆண்டுக் கரிக்கு இதனால் வரும் பிழை ஏறக்குறைய 50 ஆண்டு. ஆனால் நாற்பதாயிரம் ஆண்டுக் கரி ஏறத்தாழ 33,300 ஆண்டுக் கரியாகக் காட்சி தரும்! ஒரே அளவு கலப்படம். பிழை மட்டும் நூறு மடங்குக்கும் மேல். நாலாயிரம் ஆண்டில் வளைகோடு கிடையச்சுக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. சிறு ஏற்றம் அதைப் பாதிப்பதில்லை. நாற்பதாயிரத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. சிறு ஏற்றமும் பெரிதாகிவிடுகிறது. மேலும், இக்கலப்படம் வயதைக் குறைத்துக் காட்டுமே தவிரக் கூட்டிக் காட்டாது.

இரண்டாம் வகை, செத்த கார்பன். நிலக்கரி, சுண்ணாம்புப் பாறை போன்றவற்றில் உள்ள கார்பனில் கார்பன் 14 முழுதும் அழிந்து போயிருக்கும். நூற்றில் ஒரு பங்கு இது சேர்ந்தால் எல்லா மதிப்பும் 0.99 ஆகச் சுருங்குகிறது. இது பெருக்கல். பெருக்கல் என்றால் பக்கவாட்டுப் பெயர்ச்சி. ஆகவே கரி நூறாண்டினதாயினும் நாற்பதாயிரம் ஆண்டினதாயினும் பிழை ஒன்றே: வயது 83 ஆண்டு கூடித் தெரியும்.

இப்போது ஒருவர், "கி.மு. 2172 அன்று, கி.மு. 1200-தான் சரி. செத்த கார்பன் கலந்ததால் வயது கூடிவிட்டது" என்று வாதிட்டால், அவருக்கு நாம் கணக்கால் விடை சொல்லலாம். 972 ஆண்டு இடப்புறம் தள்ள வேண்டுமானால் கரியில் நூற்றுக்கு 11 பங்கு செத்த கார்பன் இருந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அமிலத்தாலும் காரத்தாலும் கழுவிய பிறகே கரியை அளக்கின்றனர். அதன் பின்னும் ஒன்பதில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பாகிவிடுகிறது. என் தந்தையார் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் முழு விடை கிடைக்கிறது. எண்ணைச் சொல்வதோடு, அந்த எண்ணை அசைக்க எவ்வளவு வலிமை வேண்டும் என்பதையும் சொல்ல முடிகிறது.

கணிதம் சொல்லாதவை

ஆனாலும் கணிதத்தின் எல்லையையும் கூறுவதே முறை. முதலாவது, வளிமண்டலத்தில் கார்பன் 14 எக்காலத்தும் ஒரே அளவாக இருந்ததில்லை. ஆகவே ஆண்டு தெரிந்த மர வளையங்கள் முதலியவற்றை அளந்து, ஒரு திருத்த வளைகோடு செய்து வைத்திருக்கின்றனர். மேலும் லிபி பயன்படுத்திய அரை ஆயுட்காலம் 5568 ஆண்டு. பழைய முடிவுகளோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக ஆய்வுக்கூடங்கள் இன்றும் முதலில் அதைக் கொண்டே வயதைக் கணக்கிட்டு, பிறகு திருத்த வளைகோட்டால் சரிசெய்கின்றன. 5568-க்கும் 5730-க்கும் உள்ள வேற்றுமை பெயர்ச்சி அன்று. கிடையச்சை ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று இழுத்து நீட்டுவது. பெயர்ச்சி வேறு, நீட்சி வேறு என்பதை மாணவர் மறத்தல் ஆகாது. திருத்திய பின்னும் கிடைப்பது ஓர் ஆண்டன்று. முன்னும் பின்னும் எல்லையுடைய ஒரு கால அளவே. 2172 என்பது அதன் நடுமதிப்பு.

இரண்டாவது, வளைகோடு சொல்வது மரம் கார்பனை உட்கொள்வதை நிறுத்திய காலம். முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் வைரத்தை எரித்த கரி எனில், நெருப்பு மூட்டிய நாளை விட முந்நூறு ஆண்டு பழைய காலத்தைக் காட்டக்கூடும். இதுவும் ஒரு பக்கவாட்டுப் பெயர்ச்சியே. ஆனால் எத்தனை ஆண்டு என்பதை வளைகோடு காட்டிக் கொடுக்காது.

மூன்றாவது, கரியின் வயது இரும்பின் வயதாவது எப்படி? இரண்டும் ஒரே மண்ணடுக்கில், கலையாத நிலையில், ஒன்றாகக் கிடந்தன என்பதால்தான். அதைச் சொல்ல வேண்டியவர் குழியில் இறங்கி மண்ணைப் பார்த்த தொல்லியலாளர். கணக்குப் புத்தகம் அங்கே வாய் திறக்காது. ஓரிடத்துச் சான்று போதாது. பல இடங்களிலிருந்து சான்று வர வேண்டும். 2025 சனவரி 23-ஆம் நாள் வெளியான "இரும்பின் தொன்மை" என்ற நூலில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 3345 என்ற காலம் தரப்பட்டுள்ளது. இதைப் படிக்கும்போதும் நாம் கைதட்டுவதோடு நில்லாமல், "பின்னணியைக் கழித்தார்களா? எந்த ஆண்டைச் சுழியாக வைத்தார்கள்? கரியும் இரும்பும் சேர்ந்தே கிடந்தனவா?" என்று கேட்கப் பழக வேண்டும். கேட்பது மறுப்பதாகாது. கேள்விக்கு நின்று விடை தரும் பெருமையே நிலைக்கும் பெருமை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். அடுக்குக்குறி வளைகோட்டைப் பக்கவாட்டில் நகர்த்துவது ஓர் எண்ணால் பெருக்குவதற்குச் சமம். விகிதமும் தொலைத்தொடுகோடும் மாறா. மேலும் கீழும் நகர்த்துவது ஓர் எண்ணைக் கூட்டுவது. விகிதம் கெடும், தொலைத்தொடுகோடு இடம் மாறும். அளவெடுத்த எண்கள் நம் கைக்கு வரும்போது முதலில் செய்ய வேண்டியது கழித்தல்; பிறகே மடக்கை. இந்த வரிசை மாறினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடும், குறையும்.

தமிழ் வழியில் பயின்று வந்த இளைய மாணவர்களுக்கு ஒரு சொல். "அடுக்குக்குறி", "தொலைத்தொடுகோடு" என்று நாம் பள்ளியில் கற்ற சொற்கள் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல. நம் ஊர் மண்ணுக்கு அடியில் கிடப்பதைப் படிக்கும் எழுத்துகள் அவை.

பயிற்சிக்கு ஒரு கணக்கு. சம நேர இடைவெளியில் ஒரு பாத்திரத்து நீரின் வெப்பநிலை 84, 66, 54 டிகிரி. அறையின் வெப்பநிலை என்ன? விடையை நான் இங்கே தரவில்லை. கிடைத்த விடையை மூன்று எண்களிலிருந்தும் கழித்துப் பாருங்கள். எஞ்சிய மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கினால் உங்கள் விடை சரி.